வண்டி ஏன் இன்னும் கல் மேல் நிற்கிறது

சாரம், புதுச்சேரி
12.9.2007

அன்பு மகன் கலைவாணனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், சுகத்தில் ஒரு சின்னக் குறை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீ பயப்படும்படி ஒன்றும் இல்லை, முழுவதும் படி. நீ அங்கே தோகாவில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்கிறாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. நல்ல கனம், ஒட்டகத்துக்கும் போதும். இந்த ஊரில் அதைப் போர்த்திக்கொள்ள ஒரு குளிர்காலம் வரவேண்டும், அதுவரை பீரோ மேல் இருக்கிறது. காலாப்பட்டில் உன் தங்கை நிர்மலாவும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அவள் மகள் யாழினிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அதனால் பேச்சு குறையும் என்று பார்த்தோம், குறையவில்லை. எதிர்வீட்டுத் தென்னை மட்டை விழுந்து நம் சிமெண்ட் ஓட்டில் ஒன்று உடைந்தது, அவர்கள் மட்டையை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன் இருப்பது டிவிக்குப் பக்கத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருப்பது உன் அப்பா. போன வாரம் நீ பேசும்போது வண்டி வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டாய், அப்பா போனை வாங்கி, "ஆயில் செட்டாவட்டும்னு உட்டு வச்சிருக்கேன்" என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அது உண்மை இல்லை. ஆயில் எப்போதோ செட்டாகிவிட்டது. வண்டி ஏன் இன்னும் கல் மேல் நிற்கிறது என்பதை நான்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை நிறுத்தி வைத்திருப்பது நான்.

முதலில் இருந்து சொல்கிறேன். ஆடி மாதம் நிர்மலா வீட்டுக்குப் போய்விட்டு உன் மோட்டார் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். பிள்ளைச்சாவடியில் ரோட்டின் குறுக்கே ஒரு வேகத்தடை இருக்கிறது, உனக்கும் தெரியும், நேற்றுப் போட்டது இல்லை, வெள்ளைக் கோடும் அடித்திருக்கிறார்கள். அப்பா அதன் மேல் வந்த வேகத்திலேயே ஏறினார். வண்டி முன்பக்கம் குனிந்து எழுந்தது, நானும் எழுந்தேன், ஆனால் நான் திரும்ப உட்கார்ந்தபோது அடியில் வண்டி இல்லை. முட்டியில் சிராய்ப்பு, இடது கையில் சுளுக்கு, இரண்டும் இப்போது ஆறிவிட்டன, அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த ஒரு அம்மாள் என்னைத் தூக்கிவிட்டு, அப்பாவைப் பார்த்து, "இன்னாய்யா, பொம்பளைய ஏத்திக்கினு போறியா, மூட்டைய ஏத்திக்கினு போறியா" என்று கேட்டாள். அப்பா ஹேண்டில்பாரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "முன் ஃபோர்க்கு ரொம்ப சாஃப்டா இருக்குது, அதான்" என்றார். விழுந்தது நான், விசாரணை ஃபோர்க்குக்கு.

அந்த வாரம் நீ போன் செய்தபோது அப்பா உன்னிடம் ஃபோர்க்கைப் பற்றி மட்டும் சொன்னார், நான் விழுந்ததைச் சொல்லவில்லை. நீயும் ஆமாம் அப்பா, அந்த வண்டிக்கு முன்பக்கம் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், கெட்டியான ஆயில் ஊற்றி, உள்ளே ஸ்பிரிங் மேல் ஒரு இஞ்சுக்குப் பைப் துண்டு வைத்தால் விறைப்பாகிவிடும் என்று சொல்லிவிட்டாய். அப்போதிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன். பஞ்சு மில்லில் இத்தனை வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு ரெண்டு ஸ்பிரிங்கைக் கழற்ற இன்னொருத்தன் வேண்டுமா என்று கேட்டார். தட்டாஞ்சாவடி தண்ணீர் கேன் கம்பெனியில் மோட்டார் பார்க்கிற வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையும் போகவேண்டும், அதற்கு லீவு சொன்னார். உன் கல்யாணப் பேச்சுக்குக்கூட அவர் லீவு போட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வேலை ஆரம்பித்தது. மில்லில் கூட வேலை பார்த்த பாவாடை அண்ணன் வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் உதவிக்கு வந்ததாகச் சொன்னார், டீக்கு வந்தார் என்பது என் கணக்கு. இன்ஜினுக்கு அடியில் கருங்கல்லை அடுக்கி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். ஹேண்டில்பாரைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற ஃபோர்க்குக் குழாய் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மூடி இருக்கிறது, அதை ஒரு லாக் பிடித்துக்கொண்டிருக்கிறது. உனக்குத் தெரியும், நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாய் திறந்த கம்பி வளையம், ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிது, அதை எடுத்தால் மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தானே வெளியே வந்துவிடும். முதல் மூடி தானே வந்தது. நேராகப் பாவாடை அண்ணனின் டீ கிளாஸுக்கு வந்தது. அவர் கிளாஸைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், இன்னொரு டீ கேட்டார்.

மூடியோடு லாக்கும் எகிறி விழுந்தது. அப்பா மண்டியிட்டுத் தரையெல்லாம் தடவித் தேடினார். அது அவர் முட்டிக்கு முன்னால், வெயிலில் பளபளவென்று கிடந்தது. கை அதற்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. விளையாடுகிறார் என்று நினைத்தேன். நான் எடுத்துக் கொடுத்ததும், இதெல்லாம் உன் கையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார், நான் ஒரு சாப்பாட்டுத் தட்டில் எல்லாச் சின்னச் சாமானையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். பழைய ஆயிலை இறக்கினார்கள், கறுப்பாக, நண்டுக் குழம்பு ஊசிப்போன நாற்றத்தோடு வந்தது. புது ஆயில் ஒரு பக்கத்துக்கு நூற்றைம்பது மில்லி. அளக்கக் கருவி வேண்டுமே, யாழினியின் பழைய பால்புட்டியை எடுத்து வந்தார். பாவாடை அண்ணனின் மச்சினர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா பென்ஷன்காரர், அவர் வீட்டு அம்மாள் பிரான்சிலிருந்து வந்தபோது குழந்தைக்குக் கொடுத்தது. அப்பா ஆயிலை ஊற்றி, புட்டியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சரியா நூத்தம்பது என்றார். எனக்கு இருநூற்றுக்கு மேலே தெரிந்தது. சொன்னேன். "அது பிரான்சு கோடு, நம்ம அளவு வேற" என்றார். பாவாடை அண்ணன் புட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஆயிலை டப்பாவிலேயே திரும்ப ஊற்றினார்.

அதற்குப் பிறகு பைப் துண்டு. நீ சொன்ன அளவுக்கு, தண்ணீர்ப் பைப்பில் இரண்டு துண்டு, ரம்பத்தால் அறுத்து, ஓரத்தை உப்புக் காகிதத்தால் தேய்த்து, அவ்வளவு அழகாகச் செய்திருந்தார், எல்லாம் விரலாலேயே. வலது பக்கம் ஸ்பிரிங்கை இறக்கி, துண்டைப் போட்டு, மூடியை வைத்து, ஒரு கம்பியால் அமுக்கினார். போகவில்லை. பாவாடை அண்ணனும் சேர்ந்து அமுக்கினார். இரண்டு பேர் எடையும் அந்தக் கம்பி மேல், வண்டி கல்லோடு சேர்ந்து முனகியது, மூடி உள்ளே போகவில்லை. ஆயில் கெட்டி, அதான் என்றார் அப்பா. நான் துண்டுகள் வைத்திருந்த பழைய துணியைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. இரண்டு துண்டையும் ஒரே குழாயில் போட்டிருந்தார். இடது பக்கம் சும்மா வாயைத் திறந்துகொண்டு நின்றது.

நான் அதைச் சொன்னபோது அப்பா சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவர் உள்ளே விரலை விட்டு, துண்டைத் தொட்டுப் பார்த்து, எண்ணிப் பார்த்து, ஒன்றை வெளியே எடுத்துத் துணியில் வைத்தார். வைத்துவிட்டு அது அங்கேதான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். கலை, அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைச்சாவடியில் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. முன்பக்கம் மெத்தென்று இருந்தால் என்ன, கல்லாக இருந்தால் என்ன, வேகத்தடை அவருக்குத் தெரியவில்லை. டிவியை ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பது, பாவாடைக்கு நல்ல குரல் என்று சொல்லி தினமும் பேப்பரை அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது, பஸ் வந்தால் என்னிடம் "எந்த ஊரு போட்டிருக்குது பாரு" என்பது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வருஷக்கணக்காக ஒரே தட்டில் சோறு போடுகிறேன், எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

வலது பக்கம் ஒரு துண்டோடு ஒழுங்காக மூடி, லாக்கும் போட்டாயிற்று. இடது பக்கம் ஸ்பிரிங், துண்டு எல்லாம் இறங்கியது. பாவாடை அண்ணன் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அப்பா என் பக்கம் கையை நீட்டி லாக்கைக் கேட்டார். கேட்டவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது முடிஞ்சதும் யாழினிய டேங்க் மேல ஒக்கார வச்சி பீச்சு வரைக்கும் ஒரு ரவுண்டு இட்டுக்கினு போயி வந்துடறேன், கொழந்த எத்தினி நாளா கேக்குது" என்றார். லாக் என் தட்டில் இருந்தது. நான் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "இங்க இல்லியே, எங்க வுழுந்துச்சின்னு தெரியலியே" என்றேன். பாவாடை அண்ணன் பிடியை விட்டார், மூடி மறுபடி எகிறியது, இந்தத் தடவை டீ கிளாஸ் பக்கம் வரவில்லை.

நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லாமல் இல்லை. அன்று மத்தியானமே கண்ணைக் காட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். கண்ணுக்கு என்ன, நன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தேதியை உரக்கப் படித்தார். அது போன மாதத்துக் காலண்டர். உன் பெரியப்பாவுக்கு அந்தக் காலத்தில் கண் ஆபரேஷன் செய்து, பார்வை திரும்பாமலே போனது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. அவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவர் உன் அப்பாதான். கடைசி வரைக்கும் நடத்தினார். அந்தப் பயத்தை நான் எந்த வாயால் பேசித் தீர்ப்பது, அதனால் பேசவில்லை, லாக்கை வைத்துக்கொண்டேன்.

எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. வீட்டில் ஒரு பொருளை எங்கே ஒளித்தாலும் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிடுவார், அரிசிப் பானையானாலும் சரி, அஞ்சறைப் பெட்டியானாலும் சரி. கடைசியில் தாலிக் கயிற்றில் ஊக்குகள் தொங்குமே, அவற்றோடு சேர்த்து மாட்டிக்கொண்டேன். தாலியோடு வண்டிச் சாமானைப் போட்டுக்கொண்டவள் இந்தப் புதுச்சேரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒளித்து வைத்தது என்றுகூடச் சொல்லமுடியாது, தினமும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து சோறு போட்டேன், அது என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேளையும் அவர் இதைப் பார்த்துவிட்டால் நல்லது என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வேன். பார்த்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், நான் மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. அவர் பார்க்கவில்லை.

வண்டி கல் மேலேயே நின்றது. திறந்த குழாய்க்குள் மழைத்தண்ணீர் போகாமல் பால் பாக்கெட் கவரைக் கட்டி வைத்தார். தினமும் சாயந்திரம் வேலையிலிருந்து வந்ததும் துவைக்கிற கல்லைச் சுற்றித் தரையைத் தடவித் தேடுவார். முதலில் காக்காய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றார். பிறகு பாவாடையின் லுங்கியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்று அவரிடமே சொல்லிவிட்டார். பாவாடை அண்ணன் லுங்கியை அங்கேயே உதறிக் காட்டிவிட்டுப் போனவர்தான், அப்புறம் வரவில்லை. பேப்பர் மடித்தது மடித்தபடி கிடந்தது. என்னால் முப்பது வருஷச் சிநேகிதம் ஒன்று போயிற்று என்று எனக்கு மனசே சரியில்லை, ஆனாலும் கழுத்தில் இருந்ததைக் கழற்றவில்லை. என் பயமெல்லாம் வேறு. அந்த லாக்கு எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கும், ஃபிட்டருக்கு இது தெரியாதா, இன்றைக்கு வாங்கிவிடுவார், நாளைக்கு வாங்கிவிடுவார் என்று தினமும் அவர் பையைத் துழாவிப் பார்ப்பேன். வெற்றிலை இருக்கும், பஸ் டிக்கெட் இருக்கும். கடைப் பக்கமே அவர் போகவில்லை. வேலைக்கு பஸ்ஸிலேயே போய் வந்தார். யாழினி போனில் எப்போ தாத்தா ரவுண்டு என்று கேட்டதற்கு, "வண்டிக்கு உடம்பு சரியில்ல கண்ணு" என்றார்.

முந்தாநாள் மத்தியானம் வஞ்சிரம் வறுத்து, அவருக்கு முள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முள்ளை நானே எடுத்துவிடுகிறேன், அவர் ஏன் என்று கேட்பதில்லை. குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "தனம், அத்த கழட்டி எங்கனா பத்திரமா வை, கழுத்துல குத்திடப் போவுது" என்றார். எதை என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "ஊக்கு மேல இடிச்சிக்கினே இருக்குதே, மொத நாளே கேட்டுச்சி" என்றார். அத்தனை நூல் கதிர் ஓடுகிற மில்லில் எது தப்பாக ஓடுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்கிற மனுஷன். நான் கண்ணுக்கு மறைத்தேன், காதை மறந்துவிட்டேன். மொத நாளே தெரிஞ்சா ஏன் கேக்கல, ஏன் தெனமும் தரையைத் தடவினீங்க, பாவம் அந்தப் பாவாடை அண்ணன வேற என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா ஒரு வாய் சோறு சாப்பிட்டு முடித்துவிட்டு, "கேட்டா நீ குடுத்துடுவியே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை, மறைத்தும் பிரயோஜனம் இல்லை, அதையும் அவர் காதால் கேட்டிருப்பார். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணாஸ்பத்திரிக்கு எத்தனை மணி பஸ் என்று கேட்டார். நேற்றுக் காலை போய் வந்தோம். போகும் வழியில் பாவாடை அண்ணன் வீட்டு வாசலில் நின்று, லுங்கி விஷயத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் வர்றியா என்று மட்டும் கேட்டார், அவரும் ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். ஆண்கள் சமாதானம் எவ்வளவு சுலபம் பார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கஷ்டம், இப்போது செய்தால் நன்றாகத் தெரியும், பழைய காலம் மாதிரி இல்லை, மறுநாளே வீட்டுக்கு வரலாம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணக் கொடுத்தார். வேஷ்டி மடிப்பை நாலு தடவை பிரித்துப் பிரித்து மடித்தார். பயமாக இருக்கிறது அவருக்கு, எனக்கும் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று நான் சொல்கிறேன், யார் எனக்குச் சொல்வது.

நீ இதற்காக லீவு கேட்டு ஓடிவர வேண்டாம், நிர்மலா வந்து கூட இருப்பாள், மாப்பிள்ளையும் வருகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முதல் கண் ஆபரேஷன் முடிந்திருக்கும். அதற்கு முன்னால் நீ வெள்ளிக்கிழமை பேசினால் நானும் ஒன்றும் சொல்லமாட்டேன், அவர் பக்கத்தில் இருப்பார். படித்த பிறகு பேசும்போது ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே, அம்மா எழுதினாள் என்று காட்டிக்கொள்ளாதே. ஃபோர்க்கு வேலை எந்த அளவில் இருக்கிறது, வண்டி எப்போது இறங்கும் என்று மட்டும் கேள். ஆயில் என்பார், மழை என்பார், ஏதாவது ஒரு காரணம் சொல்வார். அப்படியா அப்பா, அவசரம் இல்லை, மெதுவாகச் செய்யுங்கள் என்று சொல். கடைசி வரைக்கும் நம்பு.

வேலை நேரத்தில் தண்ணீர் நிறையக் குடி, தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி பரோட்டா வேண்டாம். நீ நோய் நொடி இல்லாமல், எடுத்த வேலை கைகூடி, முகம் வாடாமல் வீடு வந்து சேரவேண்டும் என்று மணக்குளத்துப் பிள்ளையாருக்கு உன் பேரில் ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லியிருக்கிறேன், அப்பா பேருக்கும் ஒன்று. அவர் பேருக்கு உடைப்பது அவருக்குத் தெரியவேண்டாம்.

உன் அம்மா,
ஆ. தனக்கொடி